துருக்கி நாட்டுச் சமதர்மத் தலைவி பெஹிஜே போரான்



துருக்கி என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கின் பெயரே. சுல்தான்களின் ஆட்சி நீங்கி 1923-இல் குடியரசு மலர்ந்ததும், 1928-இல் அரபு எழுத்தை விடுத்து இலத்தீன் எழுத்தை ஏற்றதும், 1934-இல் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைப் பெண்கள் பெற்றதும் தேர்வுக்கு உரிய வினாக்கள். அத்தாதுர்க் மறைந்த 1938-ஆம் ஆண்டோடு துருக்கியின் வரலாறு முடிந்துவிட்டதாகவே பல பாடநூல்கள் நம்மை எண்ண வைக்கின்றன. ஆயினும் ஒரு பெருந்தலைவர் மறைந்த பின்னர் மக்கள் தம்மைத் தாமே ஆளக் கற்றுக்கொள்ளும் பகுதியே வரலாற்றில் கடினமான பகுதி. அப்பகுதியில் வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவர் பேராசிரியராக இருந்தவர். பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். சிறைக் கைதியாகவும் இருந்தவர். இறுதியில் தம் நாட்டின் குடியுரிமையையே இழந்தவர். பெயர் பெஹிஜே போரான்.

1910-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் புர்சா நகரத்தில் அவர் பிறந்தார். உலகத் தொழிலாளர்கள் கொண்டாடும் மே நாளில் பிறந்தவர் தொழிலாளர் கட்சிக்குத் தலைவரானது தற்செயல்தான்; சோதிடம் பேச வேண்டியதில்லை. அவருடைய குடும்பத்தார் ருஷ்யாவின் கசான் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்த தாத்தார் இனத்தவர். இஸ்தான்புல்லில் இருந்த அமெரிக்கப் பெண்கள் கல்லூரியில் அவர் ஆங்கில வழியில் பயின்றார். எழுத்து மாறிய ஆண்டில் அவருக்கு வயது பதினெட்டு. பதினெட்டு வயது வரை ஓர் எழுத்தில் எழுதிப் பழகிய கை, அதே மொழியை மற்றோர் எழுத்தில் எழுதத் தொடங்குவதை எண்ணிப் பாருங்கள். அத்தலைமுறைக்கு மாறுதல் என்பது நூலில் படிக்கும் செய்தி அன்று. விரல் நுனியில் உணர்ந்த ஒன்று.

1931-இல் பட்டம் பெற்றபின் மனிசா என்னும் ஊரில் சிறிது காலம் ஆங்கில ஆசிரியையாகப் பணி செய்தார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று சமூகவியல் பயின்றார். 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்கர்கள் ஒரு தொழிலிலிருந்து மற்றொரு தொழிலுக்கு எவ்வாறு மாறுகிறார்கள் என்பதை, 1910 முதல் 1930 வரையிலான புள்ளிகளைக் கொண்டு ஆராய்ந்ததே அவருடைய ஆய்வு. அதே ஆண்டில் தாயகம் திரும்பி அங்காரா நகரில் மொழி, வரலாறு, புவியியல் கல்வித்துறையில் விரிவுரையாளரானார்.

அங்கே அவர் செய்த ஒரு வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய பிற்கால அரசியல் முழுவதற்கும் வித்து அதில் இருக்கிறது. முன்பு ஆசிரியையாக இருந்த மனிசாப் பகுதிக்கே அவர் மீண்டும் சென்றார். இம்முறை கற்பிப்பதற்கு அன்று, கற்பதற்கு. அப்பகுதியில் சமவெளியிலும் கிராமங்கள் உண்டு. மலைமேலும் கிராமங்கள் உண்டு. மொழி ஒன்று, சமயம் ஒன்று, சட்டமும் ஒன்று. ஆயினும் வாழ்க்கை வேறு. சமவெளிக் கிராமத்தான் சந்தைக்காகப் பயிரிட்டான். இரயில் நிலையமும் நகரமும் அவனுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. பணம் அவன் கையில் புழங்கியது. மலைக் கிராமத்தானோ தன் வீட்டுக்கு வேண்டியதைத் தானே விளைவித்து, பழைய வழக்கத்தோடு ஒதுங்கி வாழ்ந்தான். ஊரில் எவர் சொல்லுக்கு மதிப்பு, வீட்டில் பெண்ணின் நிலை என்ன, வெளியுலகைப் பற்றி மக்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்பன எல்லாம் இவ்விரு வகை ஊர்களிலும் வேறுபட்டன. மனிதர் மனம் பழைமையானது என்பதால் ஊர் பின்தங்கவில்லை; பிழைக்கும் வழியும் போக்குவரத்தும் எப்படியோ அப்படியே ஊர் அமைகிறது என்பது அவர் கண்ட முடிவு. 1945-இல் அவ்வாய்வு நூலாக வெளிவந்தது.

இது ஒரு புத்தக முடிவுதானே என்று நீங்கள் எண்ணலாம். அக்காலத் துருக்கியில் அது அவ்வளவு எளிய செய்தி அன்று. நம் சமுதாயத்தில் வகுப்புகள் இல்லை, எல்லோரும் ஒரே மக்கள் என்பது அரசாங்கத்தின் கொள்கை. உழவனுக்குள்ளேயே வேறுபாடு உண்டு, அது பொருளாதாரத்தால் வந்த வேறுபாடு என்று ஒருவர் எண்ணிக்கை காட்டிச் சொன்னால், அக்கொள்கை எங்கே நிற்கும்? இதற்கிடையில் அவரும் நண்பர்களும் இதழ் நடத்தத் தொடங்கியிருந்தனர். 'அடிச்சுவடுகள்' என்று பொருள் கொள்ளத்தக்க பெயருடைய மாத இதழ் ஒன்று 1943-இல் தோன்றி மறு ஆண்டே நின்றது. அதில் அவரோடு உழைத்தவர் முசாபர் ஷெரிப். கல்லூரியில் உளவியல் பயிலும் மாணவர் அப்பெயரை அறிவார்கள். அமெரிக்கா சென்று சமூக உளவியலில் பெரும்புகழ் பெற்றவர் அவரே.

1948-இல் வந்தது அடி. இடதுசாரிகள் என்று பெயர் சூட்டப்பெற்ற மூன்று ஆசிரியர்களை நீக்க வேண்டுமென ஆரவாரம் எழுந்தது. ஒருவர் பெஹிஜே போரான். மற்றொருவர் நியாசி பெர்க்கெஸ் என்னும் சமூகவியலார். மூன்றாமவர் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த பெர்தெவ் நாய்லி போராதாவ். அவர்களை நீக்கிய முறை விந்தையானது. பாராளுமன்றம் அவர்கள் வகித்த பதவிகளுக்குரிய பணத்தையே நிறுத்திவிட்டது. ஆளை நீக்கவில்லை, நாற்காலியையே எடுத்துவிட்டார்கள்! ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பள்ளிக்கூட உலகைக் கண்டும் கேட்டும் வருகின்ற எனக்கு, ஆசிரியர் ஒருவரை அகற்ற ஒரு நாட்டின் பாராளுமன்றமே கூடி வரவு செலவுத் திட்டத்தைத் திருத்திய செய்தி இதுவன்றி வேறு தெரியாது. மற்ற இருவரும் காலப்போக்கில் வெளிநாடு சென்றனர். பெர்க்கெஸ் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும், போராதாவ் பாரிஸ் நகரிலும் தம் புலமையால் சிறந்தனர். போரானுக்கும் அமெரிக்கக் கல்வியும் ஆங்கிலமும் இருந்தன, அவரும் போயிருக்கலாம். அவர் போகவில்லை.

1950-ஆம் ஆண்டில் துருக்கியில் ஆட்சி மாறியது. அத்னான் மெந்தெரெஸ் பிரதமரானார். கொரியாப் போர் மூண்டது. 4,500 வீரர்களைக் கொரியாவுக்கு அனுப்ப அமைச்சரவை தானே முடிவு செய்தது. பாராளுமன்றத்தின் ஒப்புதலை முன்னதாகப் பெறவில்லை. போரானின் தலைமையில் அமைந்திருந்த சமாதான விரும்பிகள் சங்கம் இதை எதிர்த்துத் துண்டு அறிக்கை வெளியிட்டது. கொரியா எங்கே, துருக்கி எங்கே என்பது மட்டும் அவர்கள் வாதம் அன்று; மக்களின் பிரதிநிதிகளைக் கேளாமல் மக்களின் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பலாமா என்பதே வினா. விடையாகக் கிடைத்தது பதினைந்து மாதச் சிறைத் தண்டனை.

அதன் பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவருக்குப் பொது வாழ்வு இல்லை. 1960-இல் இராணுவம் மெந்தெரெஸ் அரசைக் கவிழ்த்தது. மறு ஆண்டில் அவர் தூக்கிலிடப்பட்டார். இராணுவம் ஆட்சியைப் பிடித்ததால் உரிமை பெருகிய நிகழ்ச்சி வரலாற்றில் அரிது. அந்த அரிய நிகழ்ச்சி அங்கே நேர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், சங்கம் அமைக்கவும் வேலை நிறுத்தம் செய்யவும் உள்ள உரிமையை ஏற்றது. சட்டங்களைச் சீர்தூக்கிப் பார்க்க ஓர் அரசியல் சட்ட நீதிமன்றத்தையும் ஏற்படுத்தியது. அவ்வாண்டு பிப்ரவரியில் தொழிற்சங்கத் தலைவர் பன்னிருவர் கூடித் துருக்கித் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினர். அவர்களுக்குக் கட்சி நடத்தப் பழக்கம் போதவில்லை. மறு ஆண்டில் மெஹ்மத் அலி ஐபார் என்னும் சட்ட அறிஞரைத் தலைமை ஏற்க அழைத்தனர். போரானும் கட்சியிற் சேர்ந்தார்.

இனி நான் சொல்லப் போவது ஒரு கணக்கு. கரும்பலகை இருந்தால் எளிது. வானொலியில் அதற்கு வழியில்லை. தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க.

நம் நாட்டில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். துருக்கியில் அவ்வாறன்று. அன்று அந்நாட்டில் 67 மாகாணங்கள். ஒவ்வொரு மாகாணமும் ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் மக்கள் தொகைக்கேற்பப் பல இடங்கள். ஆறு இடங்கள் உள்ள ஒரு மாகாணத்தில் 1,20,000 பேர் வாக்களித்ததாகக் கொள்வோம். ஆறால் வகுத்தால் ஓர் இடத்துக்கு 20,000 வாக்குகள். முதற் கட்சி 70,000 பெற்றது. அதற்கு மூன்று இடங்கள், மிச்சம் 10,000. இரண்டாம் கட்சி 46,000 பெற்றது. அதற்கு இரண்டு இடங்கள், மிச்சம் 6,000. மூன்றாவது ஒரு சிறு கட்சி, அது பெற்றது 4,000, இடம் ஒன்றுமில்லை, முழுவதும் மிச்சமே. ஐந்து இடங்கள் நிரம்பின. ஓர் இடம் நிரம்பவில்லை. இவ்விடத்தை யாருக்குக் கொடுப்பது?

1965-இல் துருக்கியர் கண்ட விடை இது. அந்த மாகாணத்துக்குள்ளேயே அவ்விடத்தைக் கொடுத்துத் தீர்க்காமல், நாடெங்கும் நிரம்பாத இடங்களை ஒன்றாகச் சேர்த்தனர். நாடெங்கும் மிஞ்சிய வாக்குகளையும் கட்சி வாரியாக ஒன்றாகக் கூட்டினர். பிறகு இடங்களை அம்மிச்சத்துக்கு ஏற்பப் பங்கிட்டனர். இதற்கு 'தேசிய மிச்ச முறை' என்று பெயர். நம் சிறு கட்சி ஒவ்வொரு மாகாணத்திலும் சராசரி 4,000 வாக்கு பெற்றிருந்தால், 67 மாகாணங்களிலும் சேர்த்து 2,68,000 ஆகிறது. எந்த ஊரிலும் வெல்லாத கட்சிக்குப் பாராளுமன்றத்தில் பதின்மூன்று இடங்கள் கிடைக்கின்றன.

நான் கற்பனையாகச் சொன்ன எண் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நடந்த தேர்தலில் தொழிலாளர் கட்சி பெற்ற வாக்குகள் 2,76,101, நூற்றுக்கு மூன்று. 450 பேர் அமர்ந்த பாராளுமன்றத்தில் அக்கட்சியினர் பதினைவர் அமர்ந்தனர். தென்கிழக்கே உர்ஃபா மாகாணத்தின் பெயரால் பெஹிஜே போரான் அவர்களுள் ஒருவர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பாராளுமன்றம் அவருடைய நாற்காலியை எடுத்ததோ, அதே பாராளுமன்றத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

450-இல் பதினைவர் என்ன செய்ய இயலும்? சட்டம் இயற்ற இயலாது; அமைச்சரவையைக் கவிழ்க்கவும் இயலாது. ஆயினும் பத்துப் பேருக்குக் குறையாத கட்சி, சட்டப்படி பாராளுமன்றக் குழுவாக ஏற்கப்பட்டது. குழு என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு விவாதத்திலும் அதன் பெயரால் ஒருவர் எழுந்து பேசலாம். அரசியல் சட்ட நீதிமன்றத்தின் கதவையும் தட்டலாம். இவ்விரண்டு உரிமைகளையும் தொழிலாளர் கட்சி நன்கு பயன்படுத்தியது. உழவனுக்கு நிலம், தொழிலாளிக்குச் சங்கம், அமெரிக்கப் படைத்தளங்கள், பாராளுமன்றத்துக்குத் தெரியாமல் செய்த உடன்படிக்கைகள் என்று அதுவரை அம்மன்றம் கேளாத பொருள்கள் பேசப்பட்டன. அயல்நாட்டுக் கொள்கை பற்றிப் பேச எழுந்தவர்களுள் போரான் முதன்மையானவர். பிறர் அதை விரும்பினரா என்றால், இல்லை. 1968 பிப்ரவரியில் பாராளுமன்றத்துக்குள்ளேயே அக்கட்சி உறுப்பினர்கள் தாக்கப்பட்டனர்.

அடித்து அடக்க முடியாததைக் கணக்கு மாற்றி அடக்கினர். சுலைமான் தெமிரெலின் நீதிக் கட்சி அப்போது பெரும்பான்மை பெற்றிருந்தது. (நம் பக்கத்து நீதிக்கட்சிக்கும் இதற்கும் பெயரொற்றுமை தவிர வேறு உறவில்லை.) 1968-இல் தேசிய மிச்ச முறையை அது நீக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல். தொழிலாளர் கட்சி பெற்ற வாக்குகள் 2,43,631. இழந்தவை ஏறத்தாழ 32,000 வாக்குகளே. ஆனால் பதினைந்து இடங்கள் இரண்டாகச் சுருங்கின. குழுவும் போயிற்று. போரான் தோற்றார். மக்கள் மனம் மாறியது சிறிது; கூட்டும் முறை மாறியது பெரிது. தேர்தல் முடிவைச் செய்தித்தாளில் படிக்கும்போது இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வாக்குகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது இதற்காகவே.

கட்சிக்குள்ளும் பிளவு. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோசுலோவாகியாவுக்குள் புகுந்தன. தலைவர் ஐபார் அதைத் துணிந்து கண்டித்தார். சமதர்மம் சுதந்திரத்தோடு கூடியதாக இருக்க வேண்டும் என்றார். போரானும் பொருளியல் பேராசிரியர் சாதுன் ஆரெனும் அவருடைய கோட்பாட்டையும் தனித்து முடிவு செய்யும் போக்கையும் எதிர்த்தனர். கட்சியில் ஒருவரே எல்லாம் முடிவு செய்யலாகாது என்ற அளவில் போரான் சொன்னது சரியே. ஆனால் படையெடுப்பைப் பற்றிய அளவில் ஐபாரின் குரலே காலத்தால் மெய்ப்பட்டது என்பது என் கருத்து. கொரியாவுக்குப் படை போவதை எதிர்த்துச் சிறை சென்றவர், பிராக் நகருக்குப் படை வந்தபோது ஐபாரைப் போலக் குரல் எழுப்பியிருந்தால் அவர் பெருமை இன்னும் ஓங்கியிருக்கும். பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இத்தகைய இடங்களைத் தாண்டிச் செல்லலாகாது.

1969-இல் ஐபார் பதவி விலகினார். 1970 அக்டோபரில் கூடிய கட்சி மாநாடு போரானைத் தலைவராக்கியது. கட்சித் தலைமையை ஒரு பெண் ஏற்பது அந்நாட்டில் புதுமை. அதே மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: துருக்கியின் கிழக்கே குர்து மக்கள் வாழ்கிறார்கள், அவர்கள்மீது அடக்குமுறை நடக்கிறது, அவர்களுக்கும் சம உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். ஓர் இன மக்கள் வாழ்கிறார்கள் என்று சொல்வதும் குற்றமாகுமா என்று நீங்கள் வியக்கலாம். ஆயிற்று. 1971 மார்ச்சில் இராணுவம் மீண்டும் குறுக்கிட்டது. ஜூலை 20-ஆம் நாள் அரசியல் சட்ட நீதிமன்றம் அத்தீர்மானத்தையே காரணமாகக் காட்டிக் கட்சியைக் கலைத்தது. போரானுக்குப் பதினைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை. அறுபதைக் கடந்த அவர் 1974-இல் பொது மன்னிப்பால் வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் 1975-இல் அதே பெயரில் கட்சியை மறுபடியும் தொடங்கினார். இம்முறை மக்கள் ஆதரவு இல்லை. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆயிரத்துக்கு ஒரு வாக்குத்தான் கிடைத்தது. பியூலெந்த் எஜெவித்தின் குடியரசு மக்கள் கட்சி இடது பக்கம் சாய்ந்து, நூற்றுக்கு 41 வாக்குகளைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. இத்தோல்விக்குக் கணக்கு முறையைக் குறை சொல்ல வழியில்லை. பழைய மிச்ச முறை இருந்திருந்தாலும் ஓர் இடம் கிடைத்திருக்கலாம். அதற்கு மேல் இல்லை.

தெருவிலோ இரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. 1978 அக்டோபரில் அங்காராவில் இக்கட்சியைச் சேர்ந்த மாணவர் எழுவர் வலதுசாரிக் கொலையாளிகளால் கொல்லப்பட்டனர். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர்களின் வயதே அவர்களுக்கும். மறு ஆண்டு மே நாளில் இஸ்தான்புல்லில் இராணுவம் ஊரடங்கு விதித்தது. அறுபத்தொன்பதாம் பிறந்த நாளைக் கண்ட போரான், கட்சித் தோழர்கள் சில நூறு பேருடன் தடையை மீறித் தெருவில் நடந்து கைதானார்.

1980 செப்டம்பரில் மூன்றாம் முறையாக இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கட்சிகள் எல்லாம் மூடப்பட்டன. போரான் வெளிநாடு சென்று, பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் தங்கினார். 1948-இல் போக மறுத்தவர் எழுபதாம் வயதில் போக நேர்ந்தது. 1981-இல் அவருடைய குடியுரிமையை அரசு பறித்தது.

வாக்குகளின் கதையும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. இராணுவ ஆட்சி 1983-இல் ஒரு புதிய விதியைச் செய்தது: நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பத்து வாக்குப் பெறாத கட்சிக்குப் பாராளுமன்றத்தில் இடமே இல்லை. மூன்று வாக்குக்குப் பதினைந்து இடம் தந்த நாடு, ஒன்பது வாக்குக்கும் ஓரிடமும் தராத நாடாயிற்று. இதன் விளைவு 2002-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெளிப்பட்டது. வாக்களித்தவருள் நூற்றுக்கு 45 பேரளவில் தேர்ந்தெடுத்த கட்சிகள் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றன. 2022-இல்தான் அவ்வரம்பு ஏழாகக் குறைக்கப்பட்டது.

போரான் அதையெல்லாம் காண இருக்கவில்லை. 1987 அக்டோபர் 7-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸில் நிருபர்களைக் கூட்டித் தம் கட்சியும் துருக்கிப் பொதுவுடைமைக் கட்சியும் ஒன்றாக இணைவதை அறிவித்தார். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 10-ஆம் நாள் காலமானார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தேர்தல் நடந்ததும் ஓர் அக்டோபர் 10-ஆம் நாளே.

உடலைத் தாயகம் கொண்டுவர இசைவு கிடைத்தது. அவர் துருக்கிக் குடிமகள் அல்லர் என்று அரசாங்கப் பதிவு சொல்லிற்று. ஆனால் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் இறந்தால் அங்காராவில் பாராளுமன்றக் கட்டடத்தின் முன் மரியாதை செய்வது மரபு. அம்மரபிலிருந்து அவரை நீக்க எவரும் மறந்திருந்தனர் போலும். குடியுரிமை இல்லாத அவ்வம்மையாருக்கு அவ்விடத்தில் அம்மரியாதை நடந்தது. பின்னர் இஸ்தான்புல்லுக்கு எடுத்துச் சென்றனர். இராணுவ ஆட்சிக்குப் பின் அத்தனை காலமும் தெருவில் கூடாதிருந்த மக்கள், அக்டோபர் 18-ஆம் நாள் பெருந்திரளாகக் கூடி, சின்சிர்லிகுயு இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.